ஒற்றைச் சிப்பி ஓடு: இடமா, வலமா?

கேள்வி: சொத்தவிளை கடற்கரையில் மாணவர்கள் சேர்த்த சிப்பிகள் எல்லாமே ஒற்றை ஓடுகள். இட ஓடு, வல ஓடு என்று எப்படிப் பிரிப்பது? (ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: வெளிப்புற நிறத்தையும் வரியையும் விட்டுவிட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மூடுதசைகள் ஒட்டியிருந்த இரண்டு தழும்புகள் தெரியும். இரண்டையும் இணைத்து, விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். மணலுக்குள் புதைந்து வாழும் மட்டிகளில் இந்தக் கோடு ஒரு பக்கத்தில் நாக்குபோல உள்வாங்கியிருக்கும். நீரை இழுத்து வெளியேற்றும் குழாய்களை மட்டி சுருக்கி வைத்துக்கொள்ளும் இடம் அது. எப்போதும் பின்பக்கம்தான். உள்வாங்கல் ஆழமாக இருந்தால் குழாய்கள் நீளமானவை. ஆழத்தில் புதையும் இனம் என்று கொள்ளலாம்.

இனி கீலுக்கு மேலே துருத்தும் முகடு மேலே இருக்க, உள்பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். உள்வாங்கல் உங்கள் இடக்கைப் பக்கம் வந்தால் இட ஓடு, வலக்கைப் பக்கம் வந்தால் வல ஓடு.

ஓட்டின் குட்டையான பக்கமே முன்பக்கம் என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். பல இனங்களுக்குப் பொருந்தும். ஆனால் அலை உருளும் மணலில் அகப்படும் ஆப்பு வடிவச் சிறு மட்டியான டோனாக்ஸில் குட்டைப் பக்கம்தான் பின்பக்கம். அந்த விதியை நம்பினால் அத்தனை ஓடும் மாறிப்போகும்; உள்வாங்கலை நம்புங்கள்.

ஆர்க்கா என்னும் சிப்பி வகையில் உள்வாங்கல் கிடையாது. நேரான கீலில் நெருக்கமாக வரிசையிட்ட சிறு பற்களே அதற்கு அடையாளம். ஒரே ஒரு பெரிய தழும்பு இருந்து, கீலில் பல்லும் இல்லையென்றால் கடல் முரிங்கையைப் போல பாறையில் ஒட்டி வாழும் ஆளியா (ஆய்ஸ்டர்) என்று பாருங்கள்.

கேள்வி: பாறையில் எடுக்கும் சிப்பியில் பழுப்பு, பச்சை என்று இரண்டு இனம் உண்டே. வெயிலில் வெளுத்த ஓட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், குளச்சல்)

பதில்: நிறம் இருப்பது மேல்தோலில்; அது உரிந்தால் போய்விடும். கூர்முனையின் உள்பக்கக் கீல் பற்களைப் பாருங்கள். பச்சைச் சிப்பியில் (பெர்னா விரிடிஸ்) இட ஓட்டில் இரண்டு சிறு பற்கள், வல ஓட்டில் ஒன்று. பழுப்பில் (பெர்னா இண்டிகா) இட ஓட்டில் ஒரே பெரிய பல், வல ஓட்டில் அது பொருந்தும் குழி. பழுப்பை பெர்னா பெர்னாவோடு சேர்த்துச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. நம் மாவட்டத்துப் பாறைகளில் மிகுதி பழுப்பு இனமே. ஓடுகளை பிளீச்சிங் பவுடரில் ஊறவைக்க வேண்டாம், மேல்தோல் கரைந்துவிடும். அமிலம் பட்டால் பல்லும் மழுங்கும்.

கேள்வி: முகட்டருகே வட்டத் துளை உள்ள ஓடுகள் கிடைக்கின்றனவே, யாராவது கோத்ததா? (மாணவி, மணக்குடி)

பதில்: இல்லை, நத்தை இரையெடுத்த தடம். துளையின் வெளிவாய் அகன்று உள்ளே குறுகினால் நாட்டிகா வகை நத்தை. சுவர் நேராக இறங்கினால் பெரும்பாலும் முள்சங்கு வகை. பாதியில் விட்ட குழியின் நடுவே சிறு மேடு இருந்தால் நாட்டிகாதான்.