பஃபர் ஊத்தியும் பிஹெச் ஏறலையா? முதல்ல காத்த பாருங்க

கேள்வி இதுதான்: 60 லிட்டர் உப்புத்தண்ணி டேங்க், ரெண்டு க்ளவுன் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல், பின்னாடி மாட்டுற ஃபில்டர், மேல கண்ணாடி மூடி. காலைல பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) 7.7, சாயங்காலம் 8.0. தினமும் பஃபர் (பிஹெச்ச ஏத்த ஊத்துற கரைசல்) போட்டு போட்டு அல்கலினிட்டி, அதாவது ஆசிட்ட தாங்குற சக்தி, 12.5 டிகேஹெச்க்கு (அத அளக்குற அலகு) போயிடுச்சு, பிஹெச் மட்டும் அங்கயே நிக்குது, இன்னும் எவ்வளவு ஊத்தணும்?

ஒரு சொட்டு கூட வேணாங்க. கடல்லயே அல்கலினிட்டி சுமார் 7 டிகேஹெச் தான், அதுலயே பிஹெச் 8.1 பக்கம் நிக்குது. உங்ககிட்ட அதவிட நிறைய இருக்கு, அப்பவும் 7.7னா தண்ணில கரைஞ்சிருக்குற கார்பன் டை ஆக்ஸைடு ஜாஸ்தினு அர்த்தம். அது கார்பானிக் ஆசிட் ஆகி பிஹெச்ச கீழ இழுக்குது. பஃபர் போட்ட கொஞ்ச நேரம் ஏறின மாதிரி தெரியும், அப்புறம் பழைய இடத்துக்கே வந்துடும், ஆனா அல்கலினிட்டி மட்டும் ஏறிக்கிட்டே போகும், ஒரு கட்டத்துல ஹீட்டர் மேலயும் பம்ப் உள்ளயும் வெள்ளையா படிய ஆரம்பிக்கும்.

காலைல கம்மியா இருக்குறது நோய் இல்ல. லைட் எரியும்போது கோரலும் பாசியும் கார்பன் டை ஆக்ஸைட எடுத்துக்கும், ராத்திரி எல்லாமே மூச்சு மட்டும் விடும். 0.2, 0.3 ஆடுறது சகஜம். 7.7க்கு போறத மட்டும் கொஞ்சம் தூக்கினா போதும், 8.3 வேணும்னு அடம் பிடிக்காதீங்க.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். மீட்டர் யூஸ் பண்றீங்கன்னா மொதல்ல காலிப்ரேட் பண்ணிடுங்க, அதாவது சரியா காட்டுதானு சரிபார்த்து செட் பண்ணிடுங்க. ரெண்டு டம்ளர்ல டேங்க் தண்ணி எடுத்து பிஹெச் பாருங்க. ஒண்ண அதே ரூம்லயும் இன்னொண்ண வீட்டுக்கு வெளியவும் வச்சு ஏர்ஸ்டோன் (காத்து குமிழி விடுற கல்லு) போட்டு ஒரு மணி நேரம் ஓட விட்டுட்டு திரும்ப பாருங்க. ரெண்டுலயும் ஒரே அளவு ஏறுச்சுன்னா ரூம் காத்து ஓகே, டேங்க் தான் சரியா மூச்சு விடல. வெளிய வச்சது மட்டும் ஏறுச்சுன்னா ரூம் காத்துதான் வில்லன். வெளிக்காத்துல கார்பன் டை ஆக்ஸைடு 420 பிபிஎம் சொச்சம், கதவு ஜன்னல் சாத்துன ரூம்ல நாலு பேர் இருந்தா 1000ஐ சுலபமா தாண்டிடும். காத்துல கார்பன் டை ஆக்ஸைடு டபுள் ஆனாலே பிஹெச் கிட்டத்தட்ட 0.3 இறங்கும், அப்ப டேங்க்ல எவ்வளவு அலை கிளப்பினாலும் அந்த கெட்ட காத்தோடதான் தண்ணி பேலன்ஸ் ஆகும்.

டேங்க் பிரச்சனைன்னா மேல்பரப்புதான் விஷயம், குமிழி இல்ல. காலைல லைட் போடுறதுக்கு முன்னாடி டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாருங்க, தண்ணி மேல எண்ணெய் பூசின மாதிரி ஒரு படலம் தெரியுதா? சின்ன டேங்க்ல, அதுவும் ஃபீடிங் கொஞ்சம் தாராளமா இருந்தா இது கட்டாயம் வரும், காத்து பரிமாற்றத்த நல்லா குறைச்சிடும். டிஷ்யூ பேப்பர மெல்ல மேல வச்சு எடுத்தா படலம் ஒட்டிக்கிட்டு வந்துடும், ஆனா மறுநாள் திரும்ப வரும். அதனால ஒரு சின்ன பவர்ஹெட்ட (தண்ணிய தள்ளி ஓட்டம் கிளப்புற பம்ப்) தண்ணிமட்டத்துக்கு கொஞ்சம் கீழ வச்சு மூக்க லேசா மேல தூக்கி விடுங்க, நெளிவு எதிர் கண்ணாடி வரைக்கும் போகணும், மணல் மேல வெளிச்சம் ஆடணும். தெறிச்சுச்சுன்னா ஓவர், லைட் பூரா உப்பு படியும். ஏர்ஸ்டோனும் வேலை செய்யும்தான், ஆனா அந்த உப்பு தூறல துடைச்சே அலுத்துடும்.

மூடிய எடுத்துடுங்க. க்ளவுன் குதிக்கும், அதனால வலை மூடி போடுங்க. தண்ணி சீக்கிரம் ஆவியாகும், ஈடுகட்ட ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க, உப்புத்தண்ணி ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். மூச்சு விஷயத்துல மீனுக்கும் இது லாபம், ஏன்னா அதே சூட்டுல நல்ல தண்ணிய விட உப்புத்தண்ணில ஆக்ஸிஜன் சுமார் 20 சதவீதம் கம்மியா தான் கரையும்.

ரூம் காத்துதான் காரணம்னா ஜன்னல தினமும் கொஞ்ச நேரம் திறங்க, செலவே இல்ல. முடியாதுன்னா ஸ்கிம்மர் (நுரையால அழுக்க பிரிச்செடுக்குற கருவி) ஒண்ணு மாட்டி அது காத்து உறிஞ்சுற ட்யூப வெளிய நீட்டி விடலாம். ஸ்கிம்மர் உள்ள போற காத்து ரொம்ப ஜாஸ்தி, அதனால வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ஏறிப்போன 12.5ஐ அவசரப்பட்டு இறக்காதீங்க. பஃபர நிறுத்திட்டு வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்துங்க, 8, 9க்கு மெல்ல வரட்டும். புதுசா கலக்குற உப்புத்தண்ணியையும் டெஸ்ட் பண்ணுங்க, சில உப்புலயே 11, 12 இருக்கும், அப்ப எவ்வளவு மாத்தினாலும் இறங்காது. சுண்ணாம்புத்தண்ணி, அதான் கால்க்வாசர், ராத்திரில சொட்டு சொட்டா விட்டா பிஹெச் ஏறும்னு சொல்வாங்க, உண்மைதான், ஆனா அது அல்கலினிட்டியையும் சேர்த்து ஏத்தும், 60 லிட்டர்ல கை தவறி கொஞ்சம் கூட போனா மீன் தாங்காது. 12.5ல இருக்குற டேங்க்ல அது பக்கமே போகாதீங்க.