ஸ்லைடு அவுட் பீடிங் பிரிந்தால் முதலில் சிலிக்கான் டியூபைக் கீழே வையுங்கள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பஸ் சேஸிஸ்ல கரூர்ல பாடி கட்டுன மோட்டார் ஹோம் ஒண்ணு செகண்ட் ஹேண்டுல வாங்கியிருக்கறனுங்க. இடது பக்கம் ஒரு ஸ்லைடு அவுட், அதுக்குள்ளதான் கட்டில். வெளி ஓரத்துல சுத்தியும் அடிச்சிருக்கற அலுமினிய பீடிங், பின்பக்கத்து மேல் மூலைல ரெண்டடி நீளத்துக்குப் பிரிஞ்சு நிக்குது. ரெண்டு தடவை சிலிக்கான் வெச்சு அடைச்சாச்சு. மழை பேஞ்சா கட்டிலுக்குப் பக்கத்துப் ப்ளைவுட் ஈரமாகுது. திரும்ப அடைச்சாப் போதுங்களா, புது பீடிங் அடிக்கோணுமா? நானே செஞ்சுக்கலாமா, கரூருக்கே கொண்டு போகோணுமா?"

திரும்ப அடைக்க வேண்டாம். புது பீடிங்கும் அநேகமாகத் தேவைப்படாது. பிரிந்த இரண்டடியை மட்டுமல்ல, மேல்பக்க பீடிங் முழுவதையும் கழற்றி, அடியில் இருப்பதைப் பார்த்து, புதிய பசை நாடா வைத்து அதே பீடிங்கைத் திரும்பப் பொருத்த வேண்டும். ஒரு வார இறுதி வேலைதான், உள்ளே மரம் கெட்டிருக்காவிட்டால்.

மோட்டார் ஹோம் என்றால் வீடு மாதிரி உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வண்டி. அதில் ஸ்லைடு அவுட் என்பது மேசை இழுப்பறை மாதிரி உள்ளே போய் வெளியே வரும் ஒரு பெட்டி. அதில் தண்ணீரைத் தடுக்க இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. பெட்டிக்கும் பஸ் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பது ரப்பர். பெட்டி நகரும்போது துடைத்துக்கொண்டு போகும் நாக்கு மாதிரி ஒரு ரப்பர், மூடியதும் நசுங்கி அடைக்கும் குழாய் வடிவ ரப்பர் ஒன்று. அலுமினிய பீடிங்கின் வேலை வேறு. பெட்டியின் முகப்புத் தகடும் பக்கத் தகடும் சந்திக்கும் விளிம்பை அது மூடுகிறது. மூடுகிறதே தவிர, தண்ணீரைத் தடுப்பது அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பியூட்டைல் நாடாதான், அதாவது பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் பசை நாடா. அலுமினியம் அந்த நாடாவை அழுத்திப் பிடித்து வைத்திருக்கும் பட்டை, அவ்வளவே. அந்த நாடா காய்ந்து வெடித்துவிட்டால் மேலே எத்தனை டியூப் பூசினாலும் பயன் இருக்காது.

எனவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஈரம் பெட்டியின் சொந்தச் சுவரிலோ அதன் மேல் மூலையிலோ இருந்தால் பீடிங் வழியாக வருகிறது. பெட்டியைச் சுற்றியுள்ள பஸ் தரையிலோ, திறப்பின் ஓரத்திலோ சொட்டினால் ரப்பர் வழியாக வருகிறது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதல் வகைதான் என்று தோன்றுகிறது. உறுதி செய்துகொள்ள ஸ்லைடை வெளியே தள்ளி, உள்ளே ஒருவரை டார்ச்சுடன் உட்கார வையுங்கள். தோட்டத்து ஹோஸைக் குறைந்த வேகத்தில் திறந்து, பீடிங்கின் கீழ்ப்பகுதியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நில்லுங்கள். மேலே இருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொரு சோதனை, பெரும்பாலோர் செய்யாதது. ஸ்லைடை மூடும் முன் பெட்டியின் முகப்பு விளிம்புக்கும் பஸ் சுவருக்கும் நடுவில் சுற்றிலும் நாலைந்து இடங்களில் செய்தித்தாள் துண்டுகளைச் சொருகி மூடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருந்தால் பெட்டி நேராக உட்காருகிறது. பின்பக்க மேல் மூலைத் தாள் அசையவே மாட்டேன் என்று நிற்க, கீழ்த் தாள் சும்மா வந்துவிட்டால், பெட்டி கோணலாக மூடுகிறது. மூடும்போதெல்லாம் அந்த மூலை பீடிங் சுவரில் இடிபடுகிறது. ஒரே மூலை திரும்பத் திரும்பப் பிரிவதற்கு இது முக்கியமான காரணம். அதைச் சரி செய்யாமல் பீடிங் வேலையில் இறங்கினால் அடுத்த பயணத்திலேயே மறுபடி பிரியும்.

பெட்டி நேராக உட்காருகிறது என்றால் காரணம் வெயிலும் ஸ்க்ரூவும்தான். அலுமினியம் சூட்டில் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளும். 3 மீட்டர் நீளப் பீடிங் 50 டிகிரி சூடேறினால் சுமார் 3.5 மில்லிமீட்டர் நீளும். அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் அதே அளவு சூடேறினாலும் 1.8 மில்லிமீட்டர்தான் நீளும். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டி, அடுத்த நாள் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் குளிரில் நிற்கிறது. இந்த நீட்சியும் சுருக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பக்கவாட்டில் இழுக்கின்றன. ஓட்டை பெரிதாகிறது, பிடிப்பு போகிறது, அதிகம் அசையும் முனையான மூலை முதலில் தூக்குகிறது.

கரூர் பாடிகளில் பல இடங்களில் ஸ்க்ரூவுக்குப் பதில் பாப் ரிவெட், அதாவது வெளியே இருந்தே கருவியால் இழுத்து இறுக்கும் ஆணி, இருக்கும். வேகமான வேலைக்கு நல்ல வழிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கிறது. உள்ளே மிச்சமிருக்கும் ஆணித் துண்டு அதிர்வில் விழுந்துவிட்டால் அந்தத் துளை வழியே தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். பீடிங் பக்கத்தில் ரிவெட் அடிக்க வேண்டி வந்தால் உள்முனை மூடிய ரிவெட் என்று கேட்டு வாங்குங்கள்.

சிலிக்கான் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், புளிச்ச வினிகர் வாடை அடிக்கும் டியூப், இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. உலோகத்தை அரிக்கும் குணம் அதற்கு உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கான் பட்ட இடத்தில் வேறு எதுவும் ஒழுங்காக ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது. உங்கள் இரண்டாவது பூச்சு முதல் பூச்சின் மேலே ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். மேலும் அது கீழ்ப்பக்கத்தையும் அடைத்திருந்தால், உள்ளே போன தண்ணீருக்கு வெளியேறும் வழியே இல்லை. ப்ளைவுட் ஈரமாவது அதனால்கூட இருக்கலாம்.

இனி வேலை. பீடிங்கின் நடுப்பள்ளத்தில் ஸ்க்ரூ தலைகளை மறைத்து ஒரு பிளாஸ்டிக் பட்டி ஓடும். அதை முனையில் தூக்கி இழுத்தால் வந்துவிடும். அடியில் பார்க்கும் ஸ்க்ரூக்களில் துரு இருந்தால் அந்த இடங்களில் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். கழற்றும் முன் போன் கேமராவில் ஒரு படம் எடுத்து வையுங்கள், மரத்தில் எங்கே தேட வேண்டும் என்று அந்தப் படமே சொல்லும். ஸ்க்ரூக்களைக் கழற்றிய பிறகும் பீடிங் பழைய நாடாவில் ஒட்டியிருக்கும். நெம்பித் தூக்கினால் மடிந்துபோகும், மடிந்த அலுமினியம் பழையபடி நேராகாது. வெயிலில் சூடேறட்டும், இல்லாவிட்டால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, பெயின்டர்கள் பட்டி பூசும் பிளாஸ்டிக் பிளேடைச் சொருகி அங்குலம் அங்குலமாக விடுவியுங்கள்.

பழைய சிலிக்கானைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை. மேலே ஒரு படலம்கூட மிஞ்சக் கூடாது. கடைசித் துடைப்புக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். தின்னர், பெட்ரோல் பக்கம் போக வேண்டாம். பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் கரைத்துவிடும்.

இப்போது மரம். ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி ஒரு குத்தூசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்த மரம் ஊசியை வாங்கிக்கொள்ளும். கையளவு இடம் மட்டும் மெத்தென்று இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை (தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்) துண்டை எப்பாக்ஸி வைத்துப் பொருத்தலாம். சாதாரணப் ப்ளைவுட்டை வைத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மூலையில் இருந்து ஓரடி தாண்டியும் உளுத்திருந்தால் அது பட்டறை வேலை. மரம் நன்றாக இருந்து ஈரம் மட்டும் இருந்தால் திறந்தபடியே ஃபேன் காற்றில் சில நாள் விடுங்கள். ஈரத்தின் மேல் பாலியூரித்தேன் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் ஒரு வகைப் பசை) வைத்தால் குமிழ் விட்டுப் பஞ்சு போல் ஆகிவிடும்.

பிடிப்பு இழந்த ஓட்டைகளை எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு புதிதாகத் துளைக்கலாம். அவசரத்துக்கு 8-ஆம் நம்பர் ஸ்க்ரூ இருந்த இடத்தில் அதைவிடத் தடித்த 10-ஆம் நம்பர் போடுவார்கள். ஒருமுறைதான் அந்த வித்தை பலிக்கும். ஸ்க்ரூ எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அலுமினியமும் ஸ்டீலும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும், ஆகவே ஒவ்வொரு ஸ்க்ரூவின் கழுத்திலும் கொஞ்சம் சீலண்ட் தடவி இறக்குங்கள். பீடிங்கில் நடு ஓட்டையை அப்படியே விட்டு, இரு முனைகளை நோக்கிப் போகப்போக ஓட்டைகளை நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அரத்தால் அகலப்படுத்துங்கள். நடு நிலையாக நிற்கும், முனைகள் வெயிலுக்கு ஏற்ப நகரும். மூலையில் இரண்டு பீடிங் சந்திக்கும் இடத்திலும் 2 மில்லிமீட்டர் விட்டுவையுங்கள். இரண்டையும் முட்டவிட்டுப் பொருத்துவதுதான் பார்க்க அழகு, ஆனால் சித்திரையில் ஒன்றை ஒன்று தள்ளித் தூக்கிவிடும்.

புதிய பியூட்டைல் நாடாவைப் பீடிங்கின் முதுகில் இடைவெளி இல்லாமல் ஒட்டி, இடத்தில் வைத்து, நடுவில் தொடங்கி இரு பக்கமும் ஸ்க்ரூக்களை முறுக்குங்கள். ஒரே மூச்சில் முழு இறுக்கம் வேண்டாம். நாடா மெல்லப் பிதுங்க நேரம் வேண்டும். அன்று அரை இறுக்கம், மறுநாள் வெயில் ஏறிய பிறகு மிச்சம். விளிம்பில் பிதுங்கியதைப் பிளாஸ்டிக் பிளேடால் வழித்துவிட்டு, மேல் விளிம்பிலும் இரு செங்குத்து விளிம்புகளிலும் எம்.எஸ். பாலிமர் (இறுகிய பிறகும் ரப்பர் போல வளைந்துகொடுக்கும் வகை) சீலண்ட் ஒரு கோடு விடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு செய்தால் கோடு நேராக வரும். சீலண்ட்டில் தோல் படரும் முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். இதைக் காலை வெயில் ஏறும் முன் செய்யுங்கள். இவ்வகைச் சீலண்ட்டுகள் நாளுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும் என்பதால், குறைந்தது ஒரு முழு நாளாவது ஸ்லைடை நகர்த்தக் கூடாது.

கீழ் விளிம்பில் மட்டும் சீலண்ட் வேண்டாம். மேலே இருந்து எப்படியோ ஒரு சொட்டு புகுந்தாலும் அது கீழ் வழியாக வெளியேற வேண்டும். "நாலு பக்கமும் அடைச்சாத்தான் கெட்டி" என்று பட்டறையில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிளாஸ்டிக் பட்டியை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், வெயிலில் சுருங்கும் சாமான் அது. இழுத்துப் பிடித்துச் சொருகக் கூடாது. முனைகளில் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு, இணைப்பைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய பட்டியில் ஒரு சாண் வெட்டி எடுத்துப் போனால் அளவுச் சண்டை வராது.

பராமரிப்பு இதைவிடச் சின்ன வேலை. நம் பக்கம் மழையைவிடக் காற்றைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் சாரலைப் படுக்கை வசமாக அடிக்கும். அந்த மாதங்களில் ஸ்லைடு உள்ள பக்கம் கிழக்கைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்துங்கள், பாதிப் பிரச்சினை தீரும். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறை ஏணி போட்டு மேல் விளிம்புச் சீலண்ட்டைக் கண்ணால் பாருங்கள்; மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக வையுங்கள். ஸ்லைடை வெளியே தள்ளும் முன் வண்டி சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், தோட்டத்து மண்ணில் நிறுத்தும்போது கட்டாயமாக. உள்ளே இழுக்கும் முன் பெட்டியின் கூரையைத் துடைப்பத்தால் கூட்டிவிடுங்கள். வேப்பங்கொட்டையும் புழுதியும் ரப்பர் நாக்குக்கு அடியில் அரைபட்டு அதைக் கிழித்துவிடும்.

ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வகையாக இருக்கும். டீசல், கிரீஸ், இன்ஜின் ஆயில் பட்டால் அது ஊதிப்போகும். ஈரத் துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். பீடிங் அடியில் வைக்கக் கூடாது என்றேனே, அந்த டியூபுக்கும் இந்த ஸ்பிரேவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பீடிங் ஒட்டும் நாளில் இதையும் பக்கத்தில் அடிக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, காங்கேயம் ரோட்டுப் புழுதி முழுவதும் அதில்தான் வந்து உட்காரும். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் கூடவே நின்று, பீடிங் மேல் தண்ணீர் பீய்ச்சும் கன்னை நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வேகத்துக்கு எந்தச் சீலண்ட்டும் தாங்காது.

கரூர் விஷயம். தாள் சோதனையில் பெட்டி கோணல் என்று தெரிந்தாலோ, மரம் ஓரடிக்கு மேல் உளுத்திருந்தாலோ, பாடி கட்டிய ஊருக்கே போவது நல்லது. சட்டம் எங்கே ஓடுகிறது, மோட்டார் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். போனால் "பீடிங்கைக் கழற்றி பியூட்டைல் வெச்சு மாட்டுங்க, கீழ்ப்பக்கம் அடைக்க வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லி, கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். இரண்டும் இல்லை என்றால் கோபியிலேயே, உதவிக்கு ஒரு ஆளும் உறுதியான ஏணியும் வைத்துக்கொண்டு நீங்களே செய்துகொள்ளலாம்.