புள்ளியையும் விழுங்கும் வடிகட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1950களில் சிங்கப்பூரில் அச்சான என் தாத்தா பாட்டியின் திருமண அழைப்பிதழை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) அளவில் ஸ்கேன் செய்தேன். தாள் முழுவதும் கருந்துகள்கள். கணினி படிக்கும் என் தம்பி மகன், "மேக்சிமம் ஃபில்டர் போடுங்க அத்தை, எல்லாம் போயிடும்" என்றான். 5-க்கு 5 என்று அமைத்துப் போட்டேன். துகள்கள் போயின, கூடவே "அன்புடன்" என்பது "அனபுடன" ஆகிவிட்டது, எழுத்துகளும் முடிபோல் மெலிந்துவிட்டன. எங்கே பிழை?
— வாசகி, ஈசூன்

பதில்: வடிகட்டி சொன்னபடிதான் வேலை செய்திருக்கிறது, அதற்குத் தமிழ் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தை ஆக்கும் ஒவ்வொரு சிறு கட்டமும், 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. வெளிர்ந்த தாளில் ஒரு துகள் விழுந்த இடத்தில் 3-க்கு 3 சதுரமாக ஒன்பது பிக்சல்களை எடுத்துப் பார்த்தால், 201, 198, 203, 199, 12, 204, 200, 197, 202 என்று எண்கள் இருக்கலாம். நடுவிலுள்ள 12-தான் துகள். பெரும வடிகட்டி, அதாவது உங்கள் தம்பி மகன் சொன்ன மேக்சிமம் ஃபில்டர், நடுவிலுள்ள எண்ணை நீக்கிவிட்டு ஒன்பதில் மிகப் பெரியதான 204-ஐ அங்கே வைக்கிறது, துகள் மறைகிறது. சிறும வடிகட்டி மிகச் சிறியதான 12-ஐ வைக்கும். அந்தத் துகளைத் தொடும் ஒன்பது சதுரங்களுக்கும் விடை 12 என்றே வருவதால், ஒரு பிக்சல் அழுக்கு ஒன்பது பிக்சல் கட்டியாகப் பெருகும். எனவே வெள்ளைத் தாளில் கறுப்பு அழுக்கு என்றால் பெருமம், கறுப்புப் பரப்பில் வெள்ளைப் பொட்டு என்றால் சிறுமம். உங்கள் தம்பி மகன் பெருமத்தைத் தேர்ந்தெடுத்தது சரியே.

தவறு சதுரத்தின் அளவில் இருக்கிறது. 300 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல்கள் வரும். அழைப்பிதழின் சிறிய எழுத்தில் கோட்டின் தடிமனும் மெய்யெழுத்தின் புள்ளியும் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் 6 பிக்சல் அளவுடையவை. 5-க்கு 5 பெரும வடிகட்டி கறுப்பின் ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் 2 பிக்சலைத் தின்றுவிடும் என்பதால், 6 பிக்சல் கோட்டில் 2 பிக்சலே எஞ்சும். நீங்கள் கண்ட முடிபோன்ற மெலிவு அதுதான். இதற்கு மருந்து உண்டு: பெருமத்தை முடித்த கையோடு அதே அளவில் சிறுமத்தையும் செலுத்தினால், எஞ்சிய 2 பிக்சல் கோடு பழையபடி 6 பிக்சலாகத் தடிக்கும். இந்த இரட்டைச் செயலுக்கு குளோசிங் என்று பெயர்.

புள்ளி மட்டும் அப்படித் திரும்பி வராது. எந்தக் கறுப்பு உருவத்துக்குள் அந்தச் சதுரம் முழுமையாக அடங்குகிறதோ அந்த உருவமே குளோசிங்கில் தப்பும். 5 பிக்சல் சதுரத்தின் மூலைவிட்டம் சுமார் 7 பிக்சல்; 6 பிக்சல் விட்டமுள்ள வட்டப் புள்ளிக்குள் அது அடங்காது. அடியோடு அழிந்ததைச் சிறுமம் எதைக்கொண்டு வளர்க்கும்? 3 பிக்சல் சதுரத்தின் மூலைவிட்டமோ 4 பிக்சலைச் சற்றே தாண்டும். அது புள்ளிக்குள் தாராளமாக அடங்கும். ஆகவே 3-க்கு 3 அளவில் பெருமம், பின்னர் சிறுமம் என்று செய்யுங்கள். பொடித் துகள்கள் போகும், புள்ளிகள் நிற்கும். புள்ளியளவே உள்ள துகள்களும் அவற்றோடு நிற்கும்; அவற்றை நீங்களே கையால்தான் துடைக்க வேண்டும். 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்தால் சதுரத்தின் அளவை இன்னும் நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, புள்ளியும் துகளும் சேர்ந்தே பெரிதாவதால் அவற்றைப் பிரித்தறியும் சிக்கல் அப்படியே இருக்கும்.

ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினார்கள், படித்தவர்கள் இடமறிந்து படித்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் குடும்பத்தாரும் "அனபுடன" என்பதைச் சரியாகவே படித்துவிடுவார்கள். எழுத்துணரி மென்பொருளிடம் அந்தப் பெருந்தன்மையை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

எதிர்த் திசையிலும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. மை சரியாக ஏறாமல் எழுத்துக்குள் வெள்ளைப் பொட்டுகள் இருந்தால், முதலில் சிறுமம், பிறகு பெருமம் என்று மாற்றிச் செய்வது வழக்கம், இது ஓப்பனிங். இப்போது பலியாவது சுழிக்குள் இருக்கும் வெள்ளை. மூன்று சுழி "ண"வின் சிறு வெளிகள் அடைபட்டால் அதை "ன"விலிருந்து பிரித்தறிவது கடினம். திருமண அழைப்பிதழில் மணமகனுக்கே அந்த நிலை வரலாம். பெருமம் புள்ளியைத் தின்னும், சிறுமம் சுழியை அடைக்கும் என்று நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த வடிகட்டிகளை எழுத்தின்மேல் செலுத்துவதைவிடத் தாளின்மேல் செலுத்துவதே நல்லது. படத்தின் நகல் ஒன்றை எடுத்து, எழுத்தின் தடிமனைவிட மிகப் பெரிய சதுரத்தில், 31-க்கு 31 அளவில், குளோசிங் செய்யுங்கள். எழுத்தெல்லாம் மறைந்து, பழுப்பேறிய தாளும் அகலமான தேநீர்க் கறையும் மட்டும் எஞ்சும். மூலப் படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் இந்த வெற்றுத்தாளின் அதே இடத்துப் பிக்சலால் வகுத்து 255-ஆல் பெருக்கினால், பழுப்பும் கறையும் பெருமளவு நீங்கி எழுத்து வெண்மையில் நிற்கும். புள்ளிக்கும் சேதமில்லை. முதல் ஸ்கேனை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: எரோட் கட்டளை உருவத்தை அரித்து மெலிய வைக்கும் என்று பாடத்தில் படித்தேன். ஓப்பன்சிவி என்னும் படச்செயலாக்க நிரல்தொகுப்பில் அதைச் செலுத்தியபோது எழுத்து தடித்துவிட்டது. பிறகு சிறும வடிகட்டியை நானே நிரலாக எழுதினேன். கருமை வலப்புறமும் கீழ்ப்புறமுமாக வழிகிறது, படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டமும் வருகிறது.
— பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

பதில்: எரோட் என்பது சிறும வடிகட்டிதான். அது அரிப்பது வெளிச்சமான பகுதியை. பாடநூல்களில் பெரும்பாலும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை உருவம் இருக்கும். உங்கள் தாளில் பின்னணிதான் வெள்ளை, ஆகவே அரிபட்டது தாள், தடித்தது எழுத்து. படத்தை எதிர்மறையாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது பெரும வடிகட்டியான டைலேட் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

கருமை வழிவதற்குக் காரணம், மூல எண்களைப் படித்த அணியிலேயே (அர்ரே) விடையையும் எழுதுவது. முதல் பிக்சலில் எழுதிய சிறுமத்தை அடுத்த பிக்சலின் சதுரம் மூல மதிப்பு என்று எண்ணி எடுத்துக்கொள்கிறது, அடுத்தது அதையும் எடுத்துக்கொள்கிறது. விடைக்குத் தனி அணி வேண்டும். கறுப்புச் சட்டத்துக்குக் காரணம், படத்துக்கு வெளியே 0 இருப்பதாகக் கொள்வது. சிறுமத்துக்கு அங்கே 255 இருப்பதாகக் கொள்ளுங்கள், பெருமத்துக்கு 0.

வேகத்துக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். 31-க்கு 31 சதுரத்தில் 961 எண்கள் உள்ளன. முதலில் கிடைவரிசையில் 31, அந்த விடையின்மேல் நெடுவரிசையில் 31 என்று பிரித்தால் 62 எண்களிலேயே அதே விடை கிடைக்கும். சதுரம் எவ்வளவு பெரிதானாலும் ஒரு திசைக்கு, ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ மூன்று ஒப்பீடுகளே போதும் என்னும் முறையை 1992-இல் வான் ஹெர்க்கும் 1993-இல் கில், வெர்மன் இருவரும் வெளியிட்டார்கள். இந்த வடிகட்டிகளின் துறையான கணித உருவவியலே (மேத்தமேட்டிகல் மார்பாலஜி) இரும்புத்தாதுவை ஆராய்வதற்காகப் பிறந்தது. 1964-இல் பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் ஜார்ஜ் மாதெரோனும் ஜான் செராவும் தொடங்கினார்கள்.

கேள்வி: வண்ணப் படத்துக்கும் இவற்றைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், பிடோக்

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் நிறம் புரளும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் வடிகட்டி தனித்தனியே பார்ப்பதால், தூய சிவப்பும் தூய பச்சையும் சந்திக்கும் இடத்தில் பெருமம் மஞ்சளையும் சிறுமம் கறுப்பையும் உண்டாக்கும். இரண்டுமே மூலப் படத்தில் இல்லாத நிறங்கள். ஒளிர்வை மட்டும் பிரித்தெடுத்து வடிகட்டினால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும்.

கேள்வி: 2013 புகைமூட்டத்தின்போது எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து எடுத்த படத்தில் எதிர்ப் புளோக்குகூட மங்கலாகவே தெரிகிறது. புகையை நீக்க முடியுமா?
— வாசகர், தோ பாயோ

பதில்: ஓரளவுக்கு முடியும், அதற்கும் சிறும வடிகட்டிதான் துணை. அந்த ஆண்டு ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது நினைவிருக்கும். தெளிவான வெளிப்புறப் படத்தில், வானத்தை விட்டுவிட்டால், எந்தச் சிறு பகுதியிலும் ஏதேனும் ஒரு பிக்சல், மூன்று நிறங்களில் ஏதேனும் ஒன்றில், 0-ஐ ஒட்டியே இருக்கும்: ஒரு நிழல், ஓர் இலை, ஒரு சிவப்புச் சட்டை. புகை அந்த இருட்டின்மேல் வெளுப்பைப் பூசி எண்ணை உயர்த்திவிடுகிறது. எனவே மூன்று நிறங்களுக்கும் சேர்த்து 15-க்கு 15 சதுரத்தில் சிறுமத்தைக் கண்டால், அது எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு புகை அங்கே இருக்கிறது என்று மதிப்பிட்டுக் கழிக்கலாம். கைமிங் ஹெ, ஜியான் சன், சியாவோ டாங் மூவரும் 2009-இல் வெளியிட்ட முறை இது.

உங்கள் படத்தில் ஓர் இடைஞ்சல் வரக்கூடும். எதிர்ப் புளோக்கின் சுவர் வெள்ளை என்றால் அங்கே இருண்ட பிக்சலே கிடைக்காது. முறை அந்தச் சுவரையே புகையென்று எண்ணி அழுக்குச் சாம்பலாக்கிவிடும். சுவர்ப் பகுதியை மட்டும் தெரிவுசெய்து, அங்கே நீக்கும் அளவைக் கையால் குறைத்துக்கொள்ளுங்கள்.