மேலாளர் பதவிக்கு வழி நிலத்தடியில்தான்: வாசகர் கேள்வி பதில்

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற சுரங்கப் புவியியலாளர்

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சுரங்கப் பொறியியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். பெண்ணுக்கு மேஜை வேலைதான் கொடுப்பார்கள், பெரிய பதவிக்கு வர முடியாது என்கிறார்கள் உறவினர்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், நெய்வேலி

சேர்த்துவிடுங்கள் அம்மா, தயங்க வேண்டாம். உறவினர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால், வேலையில் சேரும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது உங்கள் மகளுக்குப் புரியும்.

சுரங்கத்தில் மேலாளராகப் பட்டமும் பணிமூப்பும் மட்டும் போதாது. தன்பாதில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். முதலில் இரண்டாம் வகுப்பு, அப்புறம் முதல் வகுப்பு. நிலத்தடிச் சுரங்கத்துக்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் என்றால் நிலத்தடியில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்டியாக வேண்டும். ஆனால் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவோ, பெண்ணை நிலத்தடி வேலைக்கு அமர்த்தவே கூடாது என்றது. எவ்வளவு கெட்டிக்காரியானாலும் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டுமான சான்றிதழோடு அவள் நிற்க வேண்டியதுதான். ஏணியின் கீழ்ப்படியை அறுத்துவிட்டு, மேலே பெண்களையே காணோமே என்றார்கள்.

2019இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவு வேலையும், நிலத்தடியில் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாக வேலைகளும் பெண்களுக்குக் கிடைத்தன. இரண்டே ஆண்டுகளில், ராஜஸ்தானில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் ஜாவர் சுரங்கத்தில் சந்தியா ரசகட்லா நிலத்தடிச் சுரங்க மேலாளரானார். அதே 2021இல் ஆகாங்க்ஷா குமாரி ஜார்க்கண்டின் சூரி நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளராக இறங்கினார். கதவு திறக்கக் காத்திருந்தவர்கள் இவர்கள்.

உங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரி திறந்தவெளிச் சுரங்கத்தில் கிடைப்பது. அங்கேயே இருப்பதானால் திறந்தவெளிச் சான்றிதழ் போதும். ஆனாலும் முதல் சில ஆண்டுகளை நிலத்தடியில் கழிக்கச் சொல்லுங்கள். நேர்காணலிலேயே "என்னை நிலத்தடிக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்கட்டும். வேலை பார்த்த காலத்துக்கான அனுபவச் சான்றில் அவ்வப்போது மேலாளரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

முன்பெல்லாம் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லையா?
– ஒரு மாணவி, சேலம்

இறங்கினார்கள், ஆயிரக்கணக்கில். ஜார்க்கண்டின் ஜரியாவிலும் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சிலும் ஆண்கள் வெட்டிய நிலக்கரியைக் கூடையில் சுமந்தவர்கள் பெண்களே. அவர்களைக் 'காமின்' என்று அழைத்தார்கள். 1929இல் வந்த விதிகள் அவர்களைப் படிப்படியாக வெளியேற்றின. பெண்களின் பாதுகாப்புக்காக என்றார்கள். உலகப் போருக்கு நிலக்கரி போதாமல் போனதும் 1943இல் அதே பெண்களை மறுபடி உள்ளே இறக்கினார்கள். 1946இல் மீண்டும் தடை. பாதுகாப்பில் அத்தனை அக்கறை இருந்திருந்தால் போர்க்காலத்தில் மட்டும் அது எங்கே போயிற்று? வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் ஒரு கூலியை இழந்தன. 2019இல் வந்த விலக்கும் படித்த பெண்களுக்குத்தான். கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு நிலத்தடியில் இடம் தரவில்லை. இதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வருத்தம்.

எங்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இரண்டு பெண் பொறியாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள். குழுவாக மூன்று பெண்களாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இருவரையும் மேலே அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அவர்களுக்கும் அது வசதிதானே?
– ஒரு உதவி மேலாளர், ஜார்க்கண்ட்

தம்பி, நீங்கள் நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். ஆனால் அலுவலகத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் அவர்களுடைய சான்றிதழைத் தள்ளிப்போடுகிறது. நான் பணியாற்றிய நிறுவனத்திலும் பெண்ணான எனக்கு இப்படித்தான் நடந்தது. துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளைப் பெட்டியில் அடுக்கி மேலே என் மேஜைக்குக் கொண்டுவருவார்கள். என்னோடு சேர்ந்த ஆண்கள் கீழே போய்ப் பாறையின் விரிசலைக் கையால் தொட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சுரங்கத்தைக் கற்றார்கள், நான் அறிக்கைகளைக் கற்றேன். பதவி உயர்வு வந்தபோது "இவருக்குக் களம் தெரியாது" என்று எழுதினார்கள்.

மூன்றாவது பெண் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். நில அளவைப் பிரிவிலும் காற்றோட்டப் பிரிவிலும் புவியியல் பிரிவிலும் விசாரியுங்கள்; கீழே இறங்க ஆசையோடு ஒருத்தி இருப்பாள். அவளிடம் எழுத்துபூர்வமாகச் சம்மதம் பெற்று மூவரையும் ஒரே பகல் ஷிப்டில் போடுங்கள்.

அதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். பெண்களின் கால் அளவுக்குப் பாதுகாப்புக் காலணி வாங்குங்கள். எனக்குக் கொடுத்தது ஆண்களுக்கானது. இரண்டு காலுறை போட்டும் வழுக்கும். பிறகு, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிலத்தடியிலேயே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை கட்டுங்கள். ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பொறியாளர் அந்த வெப்பத்தில் மயங்கி விழுந்தால், "பெண்களுக்கு ஒத்துவராது" என்று பேச்சு கிளம்பும். கழிப்பறைக்கான கோரிக்கையை இந்த வாரமே உங்கள் மேலாளர் மேஜையில் வையுங்கள்.