எபிதீலியச் செல் ஒரு புரதத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று எப்படி அறிகிறது?

முகவரி புரதத்திலேயே இருக்கிறது. உறுப்புகளின் பரப்பை மூடியிருக்கும் எபிதீலியச் செல்லுக்கு உட்குழியைப் பார்த்த மேல்பக்கம், ரத்தத்தைப் பார்த்த அடிப்பக்கம் என இரண்டு முகங்கள். அடிப்பக்கம் போகும் பல புரதங்களின் வாலில் டைரோசின் என்ற அமினோ அமிலம் உள்ள குறுந்தொடர் ஒன்று இருக்கும். செல்லுக்குள் புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கியின் கடைசி அறையிலும், செல் உள்ளிழுத்தவற்றைச் சுமக்கும் எண்டோசோம் பைகளிலும் அதைப் பார்த்துத்தான் பிரிக்கப்படுகின்றன. மேல்பக்கத்துக்குச் சர்க்கரைச் சங்கிலி, புரதத்தைச் சவ்வில் பிணைக்கும் கொழுப்பு நங்கூரம் போன்றவை உதவும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தாய்ப்பால். பால்சுரப்பிச் செல்லின் ஏற்பிப் புரதம் ஒன்று முதலில் அடிப்பக்கம் போய், கிருமிகளைத் தடுக்கும் ஐஜிஏ (IgA) எதிர்ப்புரதத்தைப் பிடிக்கிறது. அப்புறம் இரண்டும் எண்டோசோம் வழியாகச் செல்லைக் குறுக்கே கடந்து மேல்பக்கம் வருகின்றன. அங்கே ஏற்பி வெட்டப்பட்டு, ஒரு துண்டு ஐஜிஏவோடு ஒட்டியபடியே பாலில் கலக்கிறது. குழந்தையின் வயிற்றில் செரிமான நொதிகள் ஐஜிஏவை எளிதில் சிதைக்காமல் காப்பது அந்தத் துண்டுதான்.