பயலே என்றால் வசையா?

கேள்வி: ஒருவர் இணையத்தில் முன்பு எழுதியவற்றில் பெயரைக் கெடுக்கக்கூடியதைக் கண்டுபிடித்து நீக்க உதவும் மென்பொருளை நானும் தோழியும் உருவாக்கி வருகிறோம். வேலைக்கும் வரனுக்கும் முன்னால் இப்போது எல்லோரும் பெயரைத் தேடிப் பார்க்கிறார்கள். எதில் கவனம் வேண்டும்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அவசியமான வேலை, தயங்காமல் செய்யுங்கள். என் அக்கா மகன் பேராவூரணிக்காரன். 2018 நவம்பரில் கஜா புயல் அவர்களுடைய தென்னந்தோப்பைச் சாய்த்துப் போட்ட வாரத்தில், நிவாரணம் வராத கோபத்தில் முகநூலில் கண்டபடி எழுதித் தள்ளினான். போன வருடம் ஒரு நேர்காணலில் அதையே எடுத்து நீட்டினார்கள். அன்று இரவு இருவரும் உட்கார்ந்து அவனுடைய பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். விடிந்துவிட்டது.

கடுஞ்சொற்களின் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். வேலை கிடைத்த நண்பனுக்கு அவன் எழுதிய வாழ்த்து, 'பாவிப் பயலே' என்றுதான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் அது கொஞ்சல். உங்கள் கருவி முதலில் அதைத்தான் பிடிக்கும். வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் சாதியைக் குத்தும் வரியோ தப்பிவிடும். அதனால் கருவி எடுத்துக் காட்டட்டும், அழிப்பதை எழுதியவர் முடிவு செய்யட்டும். 'மரம் விழுந்த நாளிலிருந்து அப்பா பேசவில்லை' என்ற வரியை அவன் அழிக்கவில்லை. அழிக்கும்படி நானும் சொல்லவில்லை.

யாரிடமும் கடவுச்சொல் வாங்காதீர்கள். அவரவர் பதிவுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ள முகநூலே வழி வைத்திருக்கிறது. அதை அவர்களுடைய கணினியிலேயே படிக்கும்படி செய்யுங்கள். மென்பொருள் எளிதில் வாசிக்கும் ஜேசான் (JSON) கோப்பு வடிவில் இறக்கினால் தமிழ் முழுவதும் புரியாத ஐரோப்பியக் குறிகளாகத் தெரியலாம். பதறாதீர்கள். எழுத்துகளுக்கான பைட்டுகள் பத்திரமாகத்தான் இருக்கும், அந்தக் குறிகளை மறுபடி பைட்டுகளாக்கி, தமிழைக் கணினியில் குறிக்கும் யுடிஎஃப்-8 (UTF-8) முறையில் வாசித்தால் தமிழ் திரும்பிவிடும்.

பிறர் எழுதியதை முழுக்கத் துடைத்துத் தருவதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பழைய கடனுக்கான ஏல அறிவிப்பு தன் பெயரோடு வருகிறது என்று ஸ்பெயின்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில், அத்தகைய இணைப்புகளை நீக்கும் பொறுப்பு தேடுபொறிக்கு உண்டு என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த அறிவிப்பு வெளியான நாளிதழின் பக்கம் அப்படியேதான் இருந்தது. தேடலில் மறைவது வேறு, மூலத்தில் அழிவது வேறு என்பதை வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் வடிவம் தயாரானதும் எழுதுங்கள். சோதித்துப் பார்க்கத் தன் கோப்பைத் தருவதாக மருமகன் சொல்லியிருக்கிறான்.