பழைய குழியில் புதுக் கன்று

கேள்வி: பழைய ஆப்பிள் மரங்களை எடுத்துவிட்டு, அதே குழிகளில் புது ஒட்டுக்கன்று நட்டேன். இரண்டு வருடமாகியும் இடுப்பளவைத் தாண்டவில்லை. உரம், தண்ணீர் எதிலும் குறை வைக்கவில்லை. பழைய மரம் மண்ணில் விஷத்தை விட்டுப் போயிருக்கிறது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். உண்மைதானா?

பதில்: பாதி உண்மை. நானும் இதே தப்பைச் செய்தவன்தான். குழி தயாராக இருக்கிறதே என்ற சோம்பலில் பன்னிரண்டு கன்றுகளைப் பழைய குழியிலேயே வைத்தேன். மிஞ்சிய இரண்டை வரிசைகளுக்கு நடுவே, புல் மண்டிய இடத்தில் சும்மா ஊன்றினேன். கவனிக்காமல் விட்ட அந்த இரண்டும்தான் தளதளவென்று வந்தன. குழியில் இருந்ததில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்நுனி பழுப்பேறிக் கிடக்கிறது. சல்லிவேர் பெயருக்குத்தான்.

விஷம் என்று சொல்லக் காரணம் உண்டு. ஆப்பிள் வேர்ப்பட்டையில் ஃப்ளோரிசின் என்ற பொருள் நிறைய. வேர் மட்கும்போது அது சிதைந்து வரும் பொருள்கள் இளம் வேரை வளரவிடாது. மட்கும் வேரில் வளரும் பெனிசிலியம் பூஞ்சை பாட்டுலின் என்ற நஞ்சையும் சுரக்கும். ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்களே, அதே பாட்டுலின்தான். பீச் மரமென்றால் வேர் சிதையும்போது சயனைடே வரும்!

ஆனால் இந்த நஞ்சுகளை மண்ணின் நுண்ணுயிர்கள் மெல்லத் தின்று தீர்த்துவிடும். கன்றைக் குறுக்கும் இந்த மண் நோயோ வருடக்கணக்கில் தங்குகிறது. அதனால் என் சந்தேகம் உயிருள்ளவற்றின் மேல்தான்: ரைசாக்டோனியா, சிலிண்ட்ரோகார்பான் பூஞ்சைகள், பூஞ்சை போலவே நடந்துகொள்ளும் பித்தியம், பைட்டோப்தோரா, கூடவே வேரைத் துளைக்கும் நூற்புழு. இந்தக் கூட்டணி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்.

நீங்களே சோதிக்கலாம். குழி மண்ணை இரண்டு பங்காக்கி, ஒன்றை ஆவி காட்டி, மண் 60 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் இருக்கும்படி வைத்து ஆறவிடுங்கள். இரண்டிலும் ஆப்பிள் நாற்று நட்டு இரண்டு மாதம் பாருங்கள். ஆவி காட்டிய மண்ணில் நாற்று துள்ளி வளர்ந்தால் குற்றவாளி உயிருள்ளதுதான். சூட்டில் கொஞ்சம் சத்தும் அவிழும் என்பதால் சின்ன வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? உரத்தைக் கூட்டிப் பயனில்லை. இலையுதிர்ந்து உறங்கும் பருவத்தில் கன்றுகளைப் பிடுங்கி, பழைய வரிசைகளின் நடுவில் நடுங்கள். நல்ல மண் கிடைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். புதிதாக வாங்குவதானால் ஜெனீவா 41 போன்ற, இந்த நோயைத் தாங்கும் வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் செடி) ஒட்டியதாகக் கேளுங்கள். எம் 9, எம் 26 என்ற வேர்ச்செடிகள் இந்த நோய்க்கு எளிதில் பலியாகும். பழைய குழியைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் கிழட்டு வேரையெல்லாம் பொறுக்கிவிட்டு, கடுகுப் பிண்ணாக்கைக் கலந்து ஈரம் காட்டுங்கள். போட்ட கையோடு கன்றை வைத்துவிடாதீர்கள், அதன் காரம் கன்றின் வேரையும் பொசுக்கும். சில மாதம் ஆறட்டும்.

என்னுடையதில் ஒன்பதை இடம் மாற்றினேன். சோம்பலில் விட்ட இரண்டு இன்னும் அந்தக் குழியிலேயே, இடுப்பளவில் நிற்கின்றன.